அரைகுறை ஆபரேஷன்

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கோபம் மட்டும்தான் வேளாவேளைக்கு வந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகத் திருநின்றவூரில் ரயில் ஏறினால் வில்லிவாக்கம்வரை இருப்புக் கொள்ளாது. உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்துபோய் வாசல் பக்கம் நின்றுகொள்வேன். நிற்கிற நேரமெல்லாம் மனதுக்குள் ஒரு டாக்டரோடு சண்டை.

என் அக்காவுக்குக் கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்குகிற இடத்தில் புண். அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அதை வெட்டி எடுத்தார்கள். அவள் புருஷன் ஆவடியில் வெல்டர். நான் மாமா என்று கூப்பிடுவேன். "சதை வளந்துகீதாம், எடுத்துட்டாங்கோ" என்று எங்களிடம் சொன்னவர் அவர்தான். தையல் பிரித்த கையோடு அக்கா மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். மறு பொங்கலுக்குள் புண் திரும்ப வந்தது. கழுத்திலும் நெறி கட்டியது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர், "இது புற்று. முதல்லயே தாடை எலும்போட எடுத்திருக்கணும். யாரு இப்படி அரைகுறையா விட்டது?" என்று சீறினார். அந்த வியாதியின் பெயரை அக்கா அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாள். நானும்தான்.

பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். "கொலைகாரன் சார் அவன்" என்றேன். அவர் அசரவில்லை. "சரியா வரலைங்கறது வேற, தப்பாப் பண்ணாருங்கறது வேறம்மா. இன்னொரு டாக்டரா இருந்தா என்ன பண்ணியிருப்பார், இவர் ஏன் பண்ணலை? அதைக் கேட்டுட்டு வாங்க" என்றார். அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமாவோ, "இன்னாத்துக்கு இப்போ கேசு கீசுன்னுகினு? ஆவற வேலயப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டருக்குப் பயந்து நடுங்குகிறார் என்று நினைத்தேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு நானே அம்பத்தூர் போனேன்.

அந்த டாக்டர் பார்க்க நல்ல மனிதராக இருந்தார். அது வேறு எனக்கு வயிற்றெரிச்சல். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "எலும்போட எடுக்கணும்னு எனக்கும் தெரியும். முகம் கோணிப்போகும்னு சொன்னேன். இவங்க வீட்டுக்காரர், மூஞ்சியக் கெடுக்காதீங்க, புண்ணை மட்டும் எடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார். வியாதி பேரை யாருக்கும் சொல்லவேணாம்னும் கேட்டுக்கிட்டார்" என்றார்.

நான் அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவை யார் தலையில் கொட்டுவதென்று தெரியவில்லை. அக்காதான் பேசினாள். வாய் பாதிதான் திறந்தது.

"வாயி என்னுது டாக்டர். என்னாண்ட ஏன் கேக்கல?"

"பொம்பளைங்க தாங்க மாட்டாங்கம்மா. யாரும் சொல்றதில்லை" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், "கேசு போட்டா ரெண்டு பேரு மேலயும் போடணும்டி" என்றாள். வக்கீலைக் கேட்டேன். புருஷன் மேல் போட வழியில்லையாம். டாக்டர் மேல் மட்டும் போட அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்தது. புருஷன் கும்பிட்டால் என்ன, தெரிந்தே குறைத்து வெட்டிவிட்டு வெட்டுப்பட்டவளிடம் மறைத்தது தப்புதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். சொல்லி என்ன, அப்போது என் கோபம் ஆறவில்லை.

அடுத்த வாரம் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடி ஆபரேஷன் செய்யவேண்டிய டாக்டர் வார்டுக்கு வந்து அவள் வாயைப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாமா பக்கம் திரும்பி, "கொஞ்சம் வெளியே வாங்க" என்றார். மாமா எழுந்தார். அக்கா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டாக்டருக்குப் பின்னால் அவளே நடந்தாள்.