என் வண்டி மோதவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு காலை. நல்லம்பள்ளி பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டியது நான்தான். மினி லோடு வண்டி. முன்பெல்லாம் என் கணவர் ஓட்டுவார். அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு வண்டியை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிறகு போய் லைசென்ஸ் எடுத்தேன்.

பொம்பளை லோடு வண்டி ஓட்டுவதே ஊருக்கு வேடிக்கை. அதைவிடப் பெரிய வேடிக்கை நான் வருடம் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டுவது. ஒரு வருடம் கையில் காசில்லாமல் கம்மலை அடகு வைத்துக்கூடக் கட்டியிருக்கிறேன். "போலீஸ் எப்ப நம்ம ஊருப் பக்கம் வந்தான், நீ எதுக்கு இப்படிப் பயப்படறே" என்று சிரிப்பார்கள். போலீசுக்குப் பயந்து நான் கட்டவில்லை. சேலத்துக்கு லோடு போகும்போதெல்லாம் தொப்பூர் இறக்கத்தில் நசுங்கிக் கிடக்கிற வண்டிகளைப் பார்க்கிறவள் நான். என் வண்டியால் ஒருத்தர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக்கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

அன்று காலை எங்கள் ஊரைத் தாண்டி ஒரு வளைவு. எனக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒருவர் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தார். வலது பக்கத்துத் தோட்டத்து மண் பாதையிலிருந்து ஒரு ட்ராக்டர், பின்னால் டிரெய்லரோடு, நிற்காமல் தார் ரோட்டில் ஏறியது. ட்ராக்டரின் முன்சக்கரம் மொபெட்டை இடித்தது. அவர் போய்ப் பள்ளத்தில் விழுந்தார்.

ட்ராக்டரை ஓட்டி வந்தது வேறு யாருமில்லை. என் கணவரின் அண்ணன்.

இறங்கி ஓடினேன். விழுந்தவர் பக்கத்து ஊர் கொத்தனார். முகம் தெரியும், பழக்கம் கிடையாது. வலது கால் முட்டிக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. என் கணவரின் அண்ணன் ட்ராக்டரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். நானும் அவரும் தக்காளி கிரேடுப் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, கோணிப்பையை விரித்து, அந்த மனிதரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். "நீ போ, நான் கிரேடப் பாத்துக்கறேன்" என்றார் அவர். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது தக்காளிக்குக் காவல் இருக்கிறேன் என்கிறாரே என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நின்று சண்டை போட நேரமில்லை.

தர்மபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அவரை உள்ளே கொண்டு போனதும், வாசலை மறைக்காமல் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தகவல் கேட்டு அவருடைய மனைவி ஓடி வந்தார். அவரிடம் ஆளை ஒப்படைத்துவிட்டு, கோணிப்பையைக் கழுவிப் போட்டுக்கொண்டு திரும்பினேன். தக்காளி அன்றைக்கு மார்க்கெட் முடிந்த பிறகு போய், வந்த விலைக்குப் போனது. பரவாயில்லை, ஒரு ஆளைக் காப்பாற்றினோமே என்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். என் கணவரின் அண்ணன், கூடவே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கிற ஒரு ஏஜெண்ட். ஏஜெண்டுதான் பேச்சை ஆரம்பித்தார். ட்ராக்டருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கட்டி நாலைந்து வருடம் இருக்குமாம். நாளைக் காலையில் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து அடிபட்டவரிடம் வாக்குமூலம் வாங்குவார். அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

"உங்க வண்டிக்கு எல்லாப் பேப்பரும் சுத்தமா இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்கும் உங்க வண்டிதான் போயிருக்குது, பத்து பேரு பாத்திருக்காங்க. மோதுனதும் அந்த வண்டிதான்னு எழுதிக்கலாம். அந்தாளுக்கும் கம்பெனில இருந்து நல்ல தொகை வரும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லீங்க" என்றார்.

கல்யாணத்துக்கு அண்டா இரவல் கேட்பதைப் போல என் இன்சூரன்ஸைக் கேட்டார்கள். எங்கள் ஊரில் அண்டா, ஏணி, மோட்டார், மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் இப்படித்தான் வீட்டுக்கு வீடு போகும். இல்லை என்று சொல்கிற பழக்கமே கிடையாது. அதனால் அவர்களுக்கு இதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போன வண்டியை, அடித்த வண்டியாக மாற்றச் சொல்கிறார்கள் என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப கேஸ் யாரு மேலங்க வரும்?"

"உங்க மேலதான் வரும். சும்மா பேருக்கு. ஒரு ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்."

"அவ்வளவு சுலபம்னா உங்க வண்டிய எழுதிக்குங்களேன். உங்க காரு வெளியதான நிக்குது?"

ஏஜெண்ட் சிரித்து மழுப்பினார். என் கணவரின் அண்ணன் சிரிக்கவில்லை. "உன் வூட்டுக்காரன் ஆபரேஷனப்ப ராவும் பகலும் கூட இருந்தது யாரு? அத நெனச்சுப் பாத்தியா?" என்றார்.

அது உண்மை. ஒரு நாள் கூட நகராமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் சொன்னேன். "அதுக்கு நான் ஆயுசுக்கும் உங்க தோட்டத்து லோட சும்மா ஓட்டித் தரேன் மாமா. டீசல் கூடக் கேக்கல. ஆனா நான் மோதாதத மோதுனேன்னு சொல்ல மாட்டேன்."

"கம்பெனிக்காரன் பணம்தான புள்ள?"

"கம்பெனிக்காரன் நோட்டு அச்சடிக்கறானா மாமா? என்ன மாதிரி வருஷா வருஷம் கட்டறவங்க பணம்தான. நீங்க கட்டாம மிச்சம் புடிப்பீங்க, மோதுனா நாங்க குடுக்கணும். அடுத்த வருஷம் எனக்கு ஏத்திக் கேப்பான். லைசென்ஸப் புடுங்கி வச்சா எங்க வூட்ல அடுப்பு எரியாது. இதுல எனக்கு நஷ்டமே இல்லீங்களா?"

அவர் எழுந்தார். இனிமேல் உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு எங்களில் ஒருத்தரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஏஜெண்ட் மட்டும் என் கணவரிடம், அடிபட்டவர் மனைவியிடம் பேசியாகிவிட்டது, அந்தம்மாவுக்குச் சம்மதம்தான் என்று காதில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே என் வண்டியைப் பேசி முடித்திருக்கிறார்கள்.

வீடு மாற்றும்போது சாமான் ஏற்றிப் போன வகையில் ஒரு பெண் வக்கீல் எனக்குப் பழக்கம். அவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பதறிப்போய், "கனவுல கூட ஒத்துக்காதீங்க" என்றார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்து செய்தால் நஷ்டஈட்டை வண்டி உரிமையாளரே கட்ட வேண்டும், அதற்கு ஈடு காட்டாமல் அந்த வண்டியைக் கோர்ட் வெளியே விடாது, தேவைப்பட்டால் ஏலம் விட்டு அடிபட்டவருக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

என் கணவர் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் சாவியை எடுத்ததும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "நானும் வரேன்" என்றார். எதற்கு வருகிறார், என்னைத் தடுக்கவா என்று கூட எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

வார்டில் அந்தக் கொத்தனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க மனசு வச்சா எங்களுக்கு வழி பொறக்கும்கா. கால்ல கம்பி வைக்கணுமாம். எத்தன மாசம் படுக்கையோ தெரியல. ட்ராக்டருக்காரரு கையில காசில்லன்னு சொல்லிட்டாரு. கம்பெனிலன்னா நிச்சயமா வந்துடும்னு சொல்றாங்க. ஒரு பொய்தானக்கா."

மாமாவிடம் வந்த கோபம் இந்த அம்மாவிடம் எனக்கு வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். நான் முடியாது என்று சொல்லி, அதனால் இந்தக் குடும்பத்துக்கு எதுவுமே கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும் எனக்கு இருந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"என் வண்டி முன்னாடி ஒரு கீறல் கூட இல்லம்மா. கம்பெனிக்காரங்க வந்து பாக்க மாட்டாங்களா? பொய்னு தெரிஞ்சா ஒத்தப் பைசா குடுக்க மாட்டாங்க, உங்க மேலயும் கேஸ் போடுவாங்க. கையில காசில்லன்னு சொன்னவருக்குத் தோட்டம் இருக்குது, ட்ராக்டரு இருக்குது, மனை இருக்குது. வக்கீல நான் காட்டறேன். சாட்சிக்கு நானே வரேன். எங்க வூட்டு மனுசருக்கு எதிரா நானே சொல்றேன்."

அந்த அம்மா நம்பவில்லை. நம்ப என்ன இருக்கிறது, சொந்தக்காரி வந்து சொந்தக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள். கையை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். அப்போது படுக்கையிலிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது. தூங்கவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கலியே" என்றார் மெதுவாக. "பள்ளம் வந்தப்பல்லாம் வண்டிய மெதுவாக்கி, 'பொறுத்துக்குங்கண்ணா, பொறுத்துக்குங்கண்ணா'ன்னு சொல்லிட்டே வந்தாங்க. இவங்கதான் மோதுனாங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அன்று முழுக்க எவ்வளவோ பேர் எவ்வளவோ பேசியும் கண் கலங்காதவள், அந்த மனிதர் சொன்னதற்கு அழுதேன். வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார், "அண்ணன் எனக்குச் செஞ்சத நான் திருப்பிச் செய்யறேன். அது என் கணக்கு. நீ எதுக்கு அதக் கட்டணும்?" அண்ணன் விஷயத்தில் நாள் முழுக்க வாய் திறக்காதவர் இதை மட்டும் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை வாக்குமூலத்தில் ட்ராக்டர் என்றே எழுதப்பட்டது. அன்று மதியமே அதை ஸ்டேஷனில் கொண்டு போய் நிறுத்திவிட்டார்கள். நிலத்துப் பத்திரத்தை ஈடாகக் காட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. கேஸ் இழுத்துக்கொண்டே போனது. கூப்பிட்ட போதெல்லாம் லோடை விட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் ஏறி, மோதியது எந்த வண்டி, ஓட்டியது யார், அவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டதற்கெல்லாம் மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். கடைசியில் அவர் மனையை விற்று நஷ்டஈட்டைக் கட்டினார். கொத்தனார் இப்போது லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறார். சாரம் ஏறுவதில்லை, கீழே நின்று பூச்சு வேலை செய்கிறார். பணம் கைக்கு வந்த அன்று அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். இரண்டு பேருமே அந்தப் பழைய பேச்சை எடுக்கவில்லை.

இதற்கு ஊர் எனக்குக் கொடுத்த பரிசையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்காளிகள் தோட்டத்து லோடு ஒன்று கூட வரவில்லை. வேறு ஊர்களில் போய்ப் பிடித்தேன். அந்தச் சித்திரையில் மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் மட்டும் கோயில் வரி வாங்காமல் தாண்டிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் வரி வாங்கவில்லை என்றால் நீ எங்களில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மறுநாள் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பூமாலை போட்டு, நேராகக் கோயில் வாசலில் கொண்டு போய் நிறுத்தினேன்.

பூசாரி தயங்கினார். "உங்க வூட்ல வரி வாங்கலியேம்மா?"

"நீங்க வாங்கலீங்க. நான் தர மாட்டேன்னா சொன்னேன்?"

சுற்றிலும் ஊரே நின்று பார்த்தது. அண்ணன் குடும்பமும் அங்கேதான் இருந்தது. பூசாரி ஒரு நிமிடம் அவர்கள் பக்கம் பார்த்தார், பிறகு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்தார். என் கணவர் வந்து முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை நகர்த்தினேன். அடுத்த வருடம் பந்தல் சாமான் ஏற்ற ஒரு வண்டி தேவைப்பட்டது, வரி கேட்டும் தானாக வந்துவிட்டார்கள்.

அண்ணன் குடும்பம் மட்டும் இன்றுவரை பேசுவதில்லை. ட்ராக்டருக்கு இப்போது தவறாமல் இன்சூரன்ஸ் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது. சொந்தத்தை முறித்துக்கொண்டவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் எதையும் முறிக்கவில்லை. அவர் செய்தது அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். என் வண்டி அன்று செய்தது ஒன்றே ஒன்றுதான், உயிருக்குத் துடித்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அந்த ஒன்றை யாருக்காகவும் மாற்றி எழுத நான் விடவில்லை என்பதுதான் இந்த ஊரில் என்னை இன்றைக்கும் தலை நிமிர்ந்து வண்டி ஓட்ட வைக்கிறது.