தட்டு வைத்து அழைத்த கூட்டம்

இந்த ஊர்க் கதவுகளுக்கு வாய் உண்டு. இடுப்பு உயரத்தில், பித்தளை மூடி போட்ட நீளமான ஓட்டை. தபாலோ நோட்டீஸோ அதற்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. தள்ளியது யார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்குப் படிக்க வந்த புதிதில் என்னை மிரட்டியது குளிர் இல்லை, இந்த ஓட்டைதான். கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு வரும் கொரியர்க்காரர்கூட "வீட்ல யாரு?" என்று குரல் கொடுத்து, ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்.

இந்த ஓட்டை வழியாகத்தான் நாங்கள் அணுகுண்டைத் தடுக்கப் பார்த்தோம். சிரிக்காதீர்கள். அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள் இந்தக் கரையோரமாகத்தான் வந்து போகின்றன. ஒரு நாள் கரையில் நின்று டீ குடிக்கும்போது கறுப்பாக ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. பக்கத்தில் நாயோடு நடந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானோ டீயை மறந்து அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே ஃபியோனாவைத் தேடிப் போனேன். பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமைதோறும் கடைவீதியில் மடக்கு மேசை போட்டு, அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட வேண்டும் என்று நோட்டீஸ் கொடுப்பவர். ஊர் மன்றம் அப்படி ஒரு தீர்மானம் போட்டு லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. ஒரே வாரத்தில் அது என் கனவும் ஆகிவிட்டது. ஆனால் அதற்கு ஆதரவு கேட்டு நாங்கள் போட்ட போன கூட்டத்தில் ஆளைவிட நாற்காலிதான் அதிகம். அடுத்ததும் இப்படிக் காலியாகக் கிடந்தால் தீர்மானத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம் என்று மன்ற உறுப்பினர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"எப்படிட்டி அழைச்சீங்க?"

"வீடு வீடா கதவு ஓட்டையில நோட்டீஸ் போட்டோம்மா."

"கதவு இடுக்குல சொருகிட்டு வந்தா அதுக்குப் பேரு அழைப்பா? கரண்டு பில்லுட்டி அது. எவன் வருவான்?"

அண்ணன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. கயத்தாறு சித்தப்பாவுக்கு அப்பா பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முகூர்த்தத்தன்று சித்தப்பா வந்தார், மண்டபத்துக்குள் இல்லை, எதிர்த்த டீக்கடைக்கு. "வாட்ஸ்அப்புல அழைச்சவன் சாப்பாட்டையும் அதுலயே அனுப்பட்டும்லே" என்றாராம், கடையே சிரித்ததாம். அதே கல்யாணத்துக்கு, வரப்புத் தகராறில் எங்களோடு கோர்ட்டு வரை போன பக்கத்துப் புஞ்சைக்காரர் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் என்னையும் கூட்டிக்கொண்டு தட்டோடு போய் நின்றார்கள். மழை பெய்த கரிசல். செருப்பில் அப்பிய மண்ணை அவர் வாசலில் சுரண்டிவிட்டுத்தான் படியேறினோம். அவர் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். எவர்சில்வர் தட்டு, குங்குமம், கல்கண்டு, மேலே நோட்டீஸ். ஃபியோனாவை இழுத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறினேன். பக்கத்து வீட்டு ஜிம் கதவைத் திறந்தார், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இங்கிலீஷ் எனக்கு நம்மூர்ப் பேச்சாகத்தான் காதில் விழும்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை, அணுகுண்டு வேண்டாம்னு சொல்ல ஒரு கூட்டம். கட்டாயம் வரணும்."

"எம் மவன் கப்பற்படைத் தளத்துலதான் வேல பாக்கான். தெரியுமா?"

ஃபியோனா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். "அப்ப அவரும் வரணும். குடும்பத்தோட வந்துரணும்." அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கல்கண்டை மட்டும் எடுத்து, டீயில் போட்டுக் குடிக்கலாமா என்று கேட்டார்.

கூட்டத்தன்று நல்ல மழை. ஹாலுக்குள் நுழைந்த முதல் குடும்பத்தின் கையில் ஒரு கேக். அடுத்த குடும்பம் சுடச்சுடக் கறிப் பலகாரம் ஒன்று கொண்டு வந்தது. வீடு தேடி வந்து குடும்பத்தோடு வரச் சொன்னால் விருந்து என்றுதானே நினைப்பார்கள்! எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட். ஃபியோனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். ஜிம்மும் மகனும் பின்வரிசையில்.

நான் பேசி முடித்ததும் மகன் எழுந்தார். "குண்டு போனா எனக்கு என்ன வேலைன்னு ஒங்க நோட்டீஸுல ஒரு வரிகூட இல்லையே?" எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த கேள்வி! தளத்து ஆட்களுக்கு மாற்று வேலை என்ற வரியை ஃபியோனா அங்கேயே நின்று தீர்மானத்தில் சேர்த்தார். அடுத்து ஜிம்.

"ஒங்க நாட்டுலயும் குண்டு இருக்குல்லா? அங்கன எத்தன வாசல் ஏறுன?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "இன்னும் ஒண்ணுகூட இல்ல. அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். ஏறுவேன்." யோசித்துச் சொன்னதில்லை, வாய் முந்திக்கொண்டது.

கைகள் உயர்ந்தன, மகனின் கையும் சேர்த்து. தீர்மானத்தை மன்றத்தில் வைப்பதாக அந்த உறுப்பினர் கேக் தின்றபடியே ஒப்புக்கொண்டார். நான் குதிக்காத குறை. ஜிம் மட்டும் கை தூக்கவில்லை. போகும்போது சொன்னார்: "போயிட்டு வா. அப்புறம் தூக்குதேன்."

அம்மாவிடம் சொன்னேன். "இங்க குண்டுக்கு எதிரா பேசுனா போலீசு பாஸ்போர்ட்டுல கை வச்சிருவாங்கட்டி" என்றாள். பிறகு, "சரி, வா. மொதல்ல கயத்தாறு சித்தப்பா வீடு. அவியள விட்டுட்டு ஊர அழைக்க முடியாது."

ஆகையால் கோவில்பட்டிக்காரர்களே, இதை அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அச்சில் வந்தால் இதுவும் கதவு இடுக்குக் காகிதம்தான். நேரில் வருகிறேன். பெட்டியில் தட்டை வைத்துவிட்டேன். அதில் நம்மூர்க் குங்குமம், மேலே இந்த ஊர் மழையில் நனைந்து காய்ந்த நோட்டீஸ்கள். இப்போதெல்லாம் இங்கே காலிங்பெல்லை அழுத்திய கையோடு, கதவு திறக்கும் முன்பே "வீட்ல யாரு?" என்று தமிழில் குரல் கொடுத்துவிடுகிறேன். உள்ளேயிருந்து யாராவது இங்கிலீஷில் "வாரேன்" என்கிறார்கள்.