அம்மா என் சாய்வையும் கற்றுக்கொண்டாள்

பூ மார்க்கெட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பூக்கார அக்கா ஒருத்தி சத்தம் போட்டாள். "ஏட்டி, செருப்ப விட்டுட்டுப் போறியே!" திரும்பிப் பார்த்தால் என் வலது செருப்பு நாலு கடை தள்ளிக் கிடக்கிறது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. அசடு வழிந்துகொண்டே போய் மாட்டிக்கொண்டேன்.

முதல் அறிகுறி அதுதான். உங்களில் யாருக்காவது திடீரென்று காலில் செருப்பு நிற்காமல் போனால் செருப்புக்கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். நான் செருப்பைத்தான் மாற்றினேன்.

அப்போது நான் ஆன்லைனில் ஒரு பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் (விளையாடுகிறவர்களின் உடலை வலுவேற்றி, அடிபடாமல் தயார்செய்யும் படிப்பு). கபடி ஆடி வளர்ந்தவள் நான். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான பயிற்சியாளராக வேண்டும் என்பது ஆசை. பாடம் போனில், பயிற்சி மொட்டைமாடியில். அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். "பளு தூக்கதுக்கு போனுக்குள்ள காலேஜாம்!" என்று தறிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். நான் தூக்கிப் பழகப் பழைய இரும்புத் தண்டு ஒன்றைச் சுமந்துவந்து மாடியில் போட்டதும் அவர்தான்.

படித்த படிப்பே என் காலை வாரிவிட்டது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. தாமதத் தசைவலி (பழகாத பயிற்சிக்கு ஓரிரு நாள் கழித்து வரும் வலி) என்று அம்மாவுக்கு வகுப்பே எடுத்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கில் கிடந்ததை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு காலையில் மாடியிலிருந்து இறங்க முடியாமல் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்தேன். அம்மா கீழே நின்று பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

திருநெல்வேலியில் நரம்பு மருத்துவர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்தூண்டல் கொடுத்து நரம்பின் வேகத்தைப் பார்ப்பது) செய்தார்கள். முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். கில்லன் பாரே நோய் என்றார் மருத்துவர். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, வழி தவறி நம் நரம்புகளையே தாக்கும் நோய் அது; என் வயிற்றுப்போக்கே அதைக் கிளப்பியிருக்கலாம் என்றார்.

"சரியாகிருமா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"பெரும்பாலானவங்க நடந்துடுறாங்க. ஆனா மாசக்கணக்குல ஆகும். மூச்சுத் தசை பலவீனமாகுதான்னு இப்ப கவனமா பாக்கணும்."

கைகளும் தளர்ந்த நாட்கள் அவை. இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் பொருள்) ரத்தக்குழாய் வழியே ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் நின்று அம்மா சத்தமாகவே வேண்டினாள். "தாயே, இவ எந்திரிச்சு நடந்தா ஆடித்தபசுக்கு நூத்தியெட்டுச் சுத்து சுத்துதோம்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் எங்கள் ஊரில் ஜனங்கள் கோயிலைச் சுற்றத் தொடங்குவார்கள். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதியம்மனின் கால்வலியைச் சுற்றுகிறவர்கள் பங்குபோட்டுக் கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. என் பெயரும் கோமதிதான். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம்.

அம்மா 'சுத்துதேன்' என்று வேண்டியிருக்கலாம். 'சுத்துதோம்' என்றுவிட்டாள். அந்த ஒரு சொல் பின்னால் எங்களைப் படாதபாடு படுத்தியது.

மூச்சுத் தசை பாதிக்கப்படாமல் தப்பியது. கைகள் திரும்பின. கால்கள்தாம் மெதுவாக வந்தன. வீடு திரும்பியதும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நாளுக்கு நாள் பயிற்சியைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட வலுவாகும் என்றுதானே படித்தேன்? ஒரு வாரத்தில் பழையபடி படுக்கையில் விழுந்தேன். வாய்விட்டு அழுதேன்.

"தசைய நீ பழக்கலாம் கோமதி, நரம்ப மிரட்ட முடியாது," என்றார் மருத்துவர். "சோர்வு வந்தப்புறம் நிறுத்துனா பிரயோஜனமில்ல. வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும்."

இதே நோயில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். வைராக்கியம் நல்லதுதான். இந்த நோயில் அதையும் அளந்துதான் செலவழிக்க வேண்டும்.

ஆடி நெருங்கும்போது ஊன்றுகோலும் வலது காலில் ஒரு பிளாஸ்டிக் தாங்கியுமாக நடந்தேன். படிப்பில் ஒரே ஒரு செய்முறைத் தேர்வு மிச்சம். ஒருவருக்கு அசைவுகளைச் செய்துகாட்டி, ஏதாவது ஓர் இலக்குக்கு அவரைத் தயார்செய்து, வீடியோ அனுப்ப வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டென எழ முடியாத ஒருத்தியிடம் யார் வந்து வலுவைக் கற்றுக்கொள்வார்கள்? அந்தக் கேள்விதான் நோயைவிட என்னை அரித்தது.

கோயிலைச் சுற்ற மருத்துவர் என்னை அனுமதிக்கவில்லை. அம்மா அசரவில்லை. "அம்மன்ட்ட சொல்லியாச்சு. ஒனக்கும் சேத்து நான் சுத்துதேன்."

"ஒனக்கே மூட்டுத் தேய்மானம் (முட்டியின் குருத்தெலும்பு தேய்வது), நீ ரெண்டு பங்கு சுத்தப் போறியா?" என்று எகிறினேன். சொல்லி வாய்மூடுவதற்குள் உறைத்தது. தேர்வுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

என் ஆசிரியருக்கு நிலைமையை எழுதினேன். செய்துகாட்டுவது வழக்கம்தான், ஆனால் பயிற்சி பெறுகிறவர் கற்றுக்கொண்டாரா என்பதற்கே மதிப்பெண் என்று பதில் வந்தது. அம்மா கற்றுக்கொள்ளாவிட்டால் நான் தோற்பேன் என்பதே அதன் அர்த்தம்.

"உக்காந்து எந்திரிக்கதுக்கு ஒரு படிப்பா?" என்றாள் அம்மா முதல் நாளே.

என்னால் முடிந்தமட்டும் செய்துகாட்டினேன். அவளும் செய்தாள். வீடியோவைப் போட்டுப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. வலது கால் வலுவில்லாததால் நான் இடப்பக்கம் சாய்ந்து எழுகிறேன். அம்மாவும் அப்படியே இடப்பக்கம் சாய்ந்து எழுகிறாள்.

"ஏம்மா சாயுத?"

"நீ சாயுத, நானும் சாயுதேன். இதும் பாடம்னுல்லா நெனச்சேன்!"

அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். பிறகு உள்ளறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். என் உடம்பு இப்போது தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. ஆகவே அதைப் பேசவிடக் கூடாது என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து நாற்காலியை விட்டு நான் எழவில்லை. வாயால் மட்டும் சொன்னேன். முதலில் பாடப்புத்தக வார்த்தைகள் வந்தன, அம்மா முழித்தாள். பிறகு அவளுடைய வார்த்தைகளைத் தேடினேன். "பின்னால முக்காலி கெடக்குன்னு நெனச்சு உக்காரு." "நெறகுடம் இடுப்புல இருக்கு, தண்ணி தளும்பாம படி ஏறு." குடம் என்றதும் அம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனையோ வருடம் பளு தூக்கியும் ஒரு சொல் உடம்பை இப்படித் திருப்பும் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கொடி ஏறியது. சுற்றுகளை நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொடுத்தேன். ஓய்வையும் நான்தான் சொன்னேன். முட்டி வீங்குமோ என்று தினமும் தொட்டுப் பார்த்தேன். வீங்கவில்லை. ஆடிக்காற்று சேலையை இழுக்க, அம்மா நிமிர்ந்து நடந்து தபசுக்கு முந்தின நாள் இருவர் பங்கையும் முடித்தாள். வீடியோ போயிற்று. பிற்பாடு, தேறிவிட்டேன் என்று தகவலும் வந்தது.

ஆனால் என் கேள்விக்கு விடை கிடைத்தது அந்தத் தகவலில் அல்ல. அம்மா கடைசிச் சுற்றில் இருந்தபோது ரதவீதியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில், சுற்றிக் களைத்த வாசுதேவநல்லூர்க்கார அம்மாள் ஒருத்தி. எழுந்திருக்கக் கையை ஊன்றி ஊன்றிப் பார்த்தாள், முட்டி விடவில்லை. என் ஊன்றுகோலை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பாதத்த உள்ள இழுத்துக்கோங்க," என்றேன்.

"எப்படித் தாயி? நீ செஞ்சு காட்டு."

முன்பென்றால் அந்த வார்த்தையில் நான் செத்திருப்பேன். "எனக்கு முடியாதும்மா. நான் சொல்லுதேன், நீங்க செய்யுங்க. அடுப்புல ஊதப் போற மாதிரி மூஞ்சிய முன்னால கொண்டு வாங்க. இன்னும். இன்னும். அவசரமில்ல."

அவசரமில்லை என்று நான்தான் சொன்னேன். ஒரு காலத்தில் கபடியில் கண்ணிமைக்கும் நேரத்தில் எதிரணிக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியவள் நான். இன்றைக்கு ஒருத்தி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் நேரம் முழுவதையும் காத்திருந்து பார்த்தேன். சலிக்கவில்லை. என் தொடைகள் அவளோடு சேர்ந்து இறுகின.

அவள் கை ஊன்றாமல் எழுந்து நின்றாள்.