கத்தரித் தோட்டத்தில் கங்கைக்கரைப் பசு

எங்கள் பேராசிரியருக்குப் பாடப்புத்தகங்களைக் கண்டால் ஆகாது. பாடப்புத்தகம் படிப்பது, இன்னொருவர் மென்று தந்ததை வாங்கி விழுங்குவது மாதிரி என்பார். கல்வெட்டைப் படி, செப்பேட்டைப் படி, ராஜா சொன்னதை ராஜா வாயாலேயே கேள் என்பார். இதையெல்லாம் அவர் மின்விசிறிக்கு நேர் கீழே பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது ஆளுக்கு ஒரு மூல ஆதாரத்தோடு வரவேண்டும் என்று உத்தரவாகியிருந்தது.

மற்ற மாணவர்கள் தத்தம் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கிரயப் பத்திரத்தைத் தூசி தட்டிக் கடமையை முடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கல்தான் வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வாசலுக்கு வந்தால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு மலையே நிற்கும். ஆனால் அதில் நல்லதாக எழுதியிருந்ததையெல்லாம் எனக்கு முன்பே யாராவது படித்து அச்சேற்றியிருந்தார்கள். மிச்சமிருந்தது காதலர்கள் கரிக்கட்டியால் எழுதியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்து போடும் அம்மா என்னைத் தேடி வந்தார். வத்தலக்குண்டு சாலையில் உள்ளே தள்ளி அவருக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. கணவர் இல்லை, தனியாகவே வெள்ளாமை பார்த்துவந்தார். தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. பக்கத்துத் தோட்டம் கொழுந்தனாருடையது. அவர் கிணற்றிலிருந்து முறைத்தண்ணீர் விடுவார், மனசு வந்தால். அந்த வருஷம் வெயிலுக்குத் தக்க மாதிரி அவர் மனசும் வற்றியிருந்தது. புதுக் கிணறு வெட்டுவது என்று இந்த அம்மா முடிவு செய்து, நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்திருக்கிறார். அவர் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு கல்லும் நின்றது. அதில் எழுத்து இருந்தது. எழுத்துள்ள கல்லை என்னவென்று தெரியாமல் தொடமாட்டோம் என்று கிணறு வெட்டுகிற ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

"தம்பி காலேசுல கல்லுப் படிக்கிறீகளாமே. வந்து ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. செடி வாடிக்கிட்டு நிக்கிது" என்றார்.

என் காதில் விழுந்தது 'கல்' மட்டும்தான்.

கல்லெழுத்தைக் காகிதத்தில் படியெடுக்க வேண்டிய சாமான்களைச் சேகரித்தேன். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை புருசால் தட்டவேண்டும். பிறகு மைப்பந்தால் ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். புருசு, தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த நண்பன் கொடுத்தது. அதன் வாசனைக்கு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை ஊர்போய்ச் சேரும்வரை காலியாகவே இருந்தது. மை, விளக்குக் கரியும் வேலம்பிசினும் கலந்து நானே காய்ச்சியது. என் இரண்டு வேட்டிகள் அதற்குச் சாட்சி.

கல் என் இடுப்புயரம் இருந்தது. நான் குந்தி உட்கார்ந்து, எழுந்து, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. பிடிபடாத எழுத்தெல்லாம் வட்டெழுத்து என்பது என்னுடைய அப்போதைய கொள்கை. இது வட்டெழுத்து, ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது, வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாவிடம் அறிவித்தேன்.

"திருத்திக்குவோம். கெணறு வெட்டலாமா?" என்றார் அவர்.

ஆராய்ந்துதான் சொல்ல முடியும் என்றேன்.

காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வரப்பில் வந்து நின்றார். தேர்தல் முடிந்து சுவர்களில் இன்னும் போஸ்டர் காயாத காலம். கையில் வாளி, புருசு, காகிதத்தோடு ஒருவன் குந்தியிருந்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்?

"எந்தக் கட்சி தம்பி? காட்டுக்குள்ள வந்து ஒட்டுறீகளே, எங்க ஊரு மாடா ஓட்டுப் போடப் போகுது?"

மை ஒற்றி, காகிதம் உலர்ந்ததும் உரித்துத் தரையில் விரித்தேன். காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு கூழாங்கல் வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் போனேன். போன இடத்திலிருந்து பார்த்தால், என் வட்டெழுத்து பஸ் போர்டு மாதிரி பளிச்சென்று தமிழாக இருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ மாடு கட்டுவதற்காக அந்தக் கல்லைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு நான் நாலடி நடந்ததில் நாயக்கர் காலத்துக்கு இறங்கிவிட்டது. வெட்கப்பட நேரமில்லை; படிக்க முடிந்துவிட்ட சந்தோஷம். மண்ணுக்கு மேலே தெரிந்தது கல்வெட்டின் கடைசிப் பகுதி. எல்லாரையும் கூப்பிட்டு, குரலை ஏற்றி, அரசவையில் ஓலை வாசிக்கிறவன் மாதிரி வாசித்தேன். பொருளும் சொன்னேன்: இந்தத் தருமத்துக்குக் கேடு செய்கிறவன், கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்றவன் போகிற நரகத்துக்குப் போவான்.

கைதட்டலை எதிர்பார்த்துத் தலை நிமிர்ந்தேன். கிணறு வெட்டும் மேஸ்திரி தன் கடப்பாரையை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மெதுவாகத் தரையில் கிடத்தினார். அவருடைய ஆட்களும் அப்படியே செய்தார்கள்.

நான் பதறிப்போய் விளக்கினேன். இது வெறும் வாய்பாடு. எல்லாக் கல்லும் இப்படித்தான் முடியும். ரயில்வேக்காரன் தண்டவாளத்தைத் தாண்டினால் தண்டனை என்று போர்டு வைப்பதில்லையா, அது மாதிரி.

"தாண்டி மாட்டுனவனுக்குத் தண்டனை உண்டுல்ல?" என்று கேட்டார் மேஸ்திரி.

கொழுந்தனாருக்கு முகம் மலர்ந்தது. பக்கத்தில் புதுக் கிணறு வந்தால் தன் கிணற்றில் தண்ணீர் இறங்கும் என்ற கவலை அவருக்கு. அதுவரை கங்கையைப் பற்றியோ பசுக்களைப் பற்றியோ அவர் அக்கறை காட்டியதாகத் தகவல் இல்லை. "மதினி, நான் அப்பவே சொன்னேன். இப்பப் படிச்ச புள்ளையே சொல்லிருச்சு" என்றார்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, உங்களை நான் எதுக்குக் கூப்பிட்டேன்?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு."

"நீங்க என்ன சொன்னீக?"

பின்னால் பாத்திபாத்தியாக நின்ற கத்தரிச் செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் பிடுங்கி மாட்டுக்குப் போடவேண்டியதுதான் என்பது எனக்கே தெரிந்தது.

மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். கல் தலைகீழாக நிற்பதால், என்ன தருமம் என்று சொல்லும் ஆரம்பப் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. அதைப் படித்தால், கிணறு வெட்டுவது அந்தத் தருமத்துக்குக் கேடா இல்லையா என்று தெரிந்துவிடும். மேஸ்திரி இதை ஒத்துக்கொண்டார். சரி, தோண்டுங்கள் என்றேன். தோண்டலாமா என்று தெரியத்தானே படிக்கச் சொன்னோம் என்றார். ஏற்கெனவே ஒருவர் பிடுங்கித் தலைகீழாக நட்டிருக்கிறாரே, பாவமெல்லாம் அவரோடு போயிற்று என்று வாதாடிப் பார்த்தேன்.

"அவுக குடும்பம் இப்ப எங்க இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை.

"அதான் சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

ஆக, நானே தோண்டினேன். அதற்குமுன் நான் தூக்கிய ஆகக் கனமான ஆயுதம் ஆங்கில அகராதி. கிணறு வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் வரிசையாகப் புங்கமர நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். குழிக்குள்ளே நிற்காமல் வெளியே நின்று குத்தும்படி ஒருவர் சொன்னார். வெளியே நின்றதும், உள்ளே நின்றதே தேவலை என்றார் இன்னொருவர். கை கொப்பளித்தது. செத்த நேரம் உட்காரலாம் என்று நினைத்தபோது கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் மறுபக்கமாகப் பாய்ந்தேன். கல் எழுத்து முகம் மேலே தெரிய மல்லாந்தது. எனக்கு அது காட்டிய ஒரே கருணை.

கழுவிப் படித்தேன். உப்பு மண் தின்றிருந்தது. 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் முழுசாக இருந்தது. ராஜா பெயர் இருந்த இடத்தில் குழி. ஊர்ப் பெயர் உதிர்ந்துபோயிருந்தது. என்ன தருமம் என்ற வரி, தடவினால் தவிட்டு மண்ணாக வந்தது. கிழக்கு எல்லை என்று இருந்தது. கிழக்கே என்ன என்பது இல்லை. யார், யாருக்கு, எதை, எப்போது கொடுத்தார் என்பதைத் தவிர வேறு எல்லா விவரமும் கிடைத்துவிட்டது. பின்னால் பேராசிரியர் படியைப் பார்த்துவிட்டு, மை நன்றாக ஒற்றியிருப்பதாகப் பாராட்டினார்.

ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி எழுந்து வந்து, விழுந்து கிடந்த கல்லை ஒருமுறை சுற்றிவந்தார்.

"கல்லைப் பேத்தது யாரு?"

நான் என்றேன். கொப்பளத்தைக் காட்டினேன்.

"அப்ப கேடு செஞ்சது நீங்க. பசுமாடு உங்க கணக்கு. நாங்க வெறும் நெலத்துலதானே வெட்டப்போறோம்" என்றார். அவருடைய ஆட்கள் இதை யோசித்துப் பார்த்து, நியாயம் என்றார்கள். ஆனால் சும்மா சொன்னால் போதாது. பூசைக்கு என்று வைத்திருந்த சூடத்தை எடுத்துக் கல்லின்மேல் ஏற்றினார். கல்லை நகர்த்தியவன் நான், வருவது எதுவானாலும் எனக்கு என்று சொல்லிச் சூடத்தை அடித்து அணைக்க வேண்டும்.

கல்லூரி மேடையில் பாவம் புண்ணியமெல்லாம் மூடத்தனம் என்று பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். கொஞ்சம் முன்னால்தான் இதெல்லாம் வாய்பாடு என்று விளக்கியவனும் நானே. இப்போதோ, நான் பார்த்தேயிராத கங்கையின் கரையில், நான் தொட்டேயிராத ஒரு கறுப்புப் பசு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் முகம் நன்றாகத் தெரிந்தது.

"வேணாம் தம்பி. இன்னும் கல்யாணங்கூட ஆகல உங்களுக்கு" என்றார் கொழுந்தனார், மிகுந்த பரிவோடு.

அந்த அம்மா என்னைப் பார்க்காமல் பாத்திப் பக்கம் திரும்பி நின்றார். வற்புறுத்தியிருந்தால் மறுத்திருப்பேன்.

சூடம் பாதி எரிந்திருந்தபோது சொல்லி அடித்தேன். கொப்பளத்தில் சுட்டது. மேஸ்திரி அடுத்த நிமிஷமே கடப்பாரையை எடுத்தார். கல்லை உடைக்காமல் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அது இனிமேல் என் கல் என்பதால் அதை உடைக்கும் உத்தேசமே அவர்களுக்கு இல்லை. என் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் அன்று அவர்களில் யாரும் முன்வரவில்லை.

கிணறு முடியும்வரை ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றி, பாதிச் செடிகளை அந்த அம்மா காப்பாற்றி வைத்திருந்தார். தண்ணீர் வந்துவிட்டது என்று ஆள் சொல்லியனுப்பியதும் போய்ப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. வெஞ்சனத்துக்கு என்று கத்தரிக்காயை மடி கொள்ளாமல் கட்டிக்கொடுத்தார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை கல் படிக்கும்போது மெதுவாகப் படிக்கும்படி சொன்னார்.

திரும்பும் வழியில் கொழுந்தனார் வரப்பில் காத்திருந்தார். என்னைத் தனியாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, எங்கெணத்துல தண்ணி ஒரு மொழம் எறங்கிருச்சு. பசுமாட்டோட அதுவும் ஒங்க கணக்குலதானே வரும்?"

கொஞ்சம் யோசித்தேன். வருவது எதுவானாலும் என்றுதான் சொல்லியிருந்தேன். விலக்கு எதுவும் சொல்லவில்லை. வரும் என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது; மதினிமேல் இனிக் குறை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மதினியிடம் ஒரு முறைத்தண்ணீர் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கம் நடந்தார்.