மில்லி பிடித்த கசிவு

எங்கள் ஷெட்டில் பாதி என் டிங்கரிங் வேலைக்கு, மீதி எலெக்ட்ரீஷியனுக்கு. அவருக்கு மில்லி என்று பெயர் வைத்தவன் நான்தான். நிற்கிற வண்டியில் எத்தனை மில்லி ஆம்பியர் கரண்ட் கசிகிறது என்பதைத் தவிர, அந்த மனிதருக்கு உலகத்தில் எதுவும் உறைக்காது. பெற்ற மகள் கல்யாணத்தன்றுகூட வாசலில் நின்ற யாருடைய வண்டிக்குள்ளோ தலையை விட்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பெண் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் நிறுத்தினால் பாட்டரி செத்துவிடுகிறது. புதுசு போட்டும் அதே கதை. மில்லி பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினார். கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டியை நம்பவைக்க, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கினார். வண்டி முழுக்கத் தூங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை யாராவது கதவைத் தொட்டால் கடித்துக் குதறிவிடுவார்.

அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கட்டைவிரல் மடங்கவில்லை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"போன மாசம் அக்கா வீட்டுக்குக் கெளம்பினேன்ணே. வண்டி ஸ்டார்ட் ஆகல. கையில பையோட அவர்கிட்ட மாட்டிக்கிட்டேன். நாளைக்கு அவர் ஆபீஸ் போனதும் மறுபடி கெளம்புறேன். இந்தத் தடவ போனா திரும்பி வரமாட்டேன்."

இதெல்லாம் மில்லியின் காதில் ஏறவில்லை. ஐம்பதுக்குள் இருக்க வேண்டிய மீட்டர் முந்நூற்றுப் பத்து காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் பதினெட்டுக்கு இறங்கியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ரேடியோ வயரின் தோலைச் சீவி, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை முறுக்கி வைத்திருந்தார்கள். வண்டி எங்கே போகிறது என்று யாருடைய போனுக்கோ சொல்லும் கருவி.

"எந்த முட்டாப்பய இப்படி வயர் முறுக்குனான்?" என்று மில்லி பல்லைக் கடித்தார். அவருக்கு எரிந்தது அந்த முறுக்கைப் பார்த்துத்தான். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் எதையும் கழற்றும் வழக்கம் அவருக்கில்லை. பின்பக்கம் போய், பாட்டரியின் வாரண்டி அட்டையிலிருந்த கணவனின் நம்பரைக் கூப்பிட்டார். அவள் தெருவைப் பார்த்தபடி இருந்தாள். எனக்குக் கேட்டது.

"நிக்கும்போதும் கரண்ட் குடிக்குது சார், கழட்டிடவா? அப்படியா... அம்மாவுக்குத் தெரிய வேணாமா, சரி சார். ஓடும்போது மட்டும் வேல செய்ற மாதிரி மாத்திடுறேன்."

நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரும் வண்டிகளில் பாதி மில்லி அனுப்புவது. வாயைப் பொத்திக்கொண்டேன். இதை இதைவிட நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

"ரேடியோ வயர்ல கோளாறும்மா, சரி பண்ணியாச்சு" என்று மில்லி வந்து அவளிடம் சொன்னார்.

"நாளைக்கு நின்னுடாதுல்லண்ணே?"

"எங்க வேணாலும் போங்க. நிக்காது."

அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் எனக்கும் சேர்த்து நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அதே வண்டியை அவள் கணவன் தனியாக ஓட்டி வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு.

"வண்டிய விக்கப்போறேன். அந்தக் கருவியக் கழட்டிக் குடுங்க."

"அம்மா ஓட்டுவாங்களே சார்?"

"இனிமே அவளுக்குத் தேவப்படாது."

மில்லி ஸ்க்ரூடிரைவரோடு டேஷ்போர்டுப் பக்கம் குனிந்தார். அவன் என் பக்கம் திரும்பினான்.

"பின்கதவு ஃபிரேம் கொஞ்சம் வளைஞ்சிருக்கு. நிமித்திடுங்க."

போய்ப் பார்த்தேன். வெளியே அடிபட்ட தடமே இல்லை. ஃபிரேம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. உள்ளே இருந்து காலால் உதைத்தால்தான் அப்படி வளையும். மதியத்துக்குள் நிமிர்த்திக் கொடுத்தேன்.