பெரியநாயகி நொறுக்கிய மெமரி போர்டு

பெரியநாயகி யாரையும் லேசில் நம்பமாட்டாள். உம்பாய்க் கடற்கரை மீன்காரன் கண்ணெதிரே பிடித்துக் கொடுத்த மீனென்றாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், எண்பத்தெட்டில் மலாக்காவில் சிப் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சிப்பின் காலும் எழுத்தும் சரியா என்று சந்தேகப்படுவதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளமே.

கணவர் கணேஸ்வரன் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஆள் சாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர். ஊரெல்லாம் புது மாடல் வாங்கிக்கொண்டிருந்த தொண்ணூற்று நாலில், இவர் அந்தக் கிழட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றிவைத்து மல்லுக்கட்டுவார். அதற்கு மெமரி போதாதாம். பெரிய புரோகிராம் போட்டால் பாதியில் படுத்துவிடுமாம். உள்ளே கூடுதலாக ஒரு மெமரி போர்டு செருகினால் சரியாகிவிடுமாம்.

ஒரு வாரம் கம்பெனியில் சிப்புகள் காணாமல் போயின. வாசலில் பெண்களின் பையைத் துழாவியது போதாதென்று பின்னலையும் அவிழ்க்கச் சொன்னார்கள். பெரியநாயகிக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்தால், திறந்த பெட்டிக்குள் புதிதாக ஒரு பச்சைப் பலகை செருகியிருந்தது. அதில் வரிசையாகச் சிப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் கம்பெனியின் முத்திரை.

“இது ஏதுங்க?”

“அல்போன்ஸ் குடுத்தான்லா. செத்துப்போன மெஷின்லருந்து கழட்டுனது.”

அல்போன்ஸ் புலாவ் செபாங்கில் டிவி ரிப்பேர் செய்பவன். அவன் மனைவி பிரிஜிட்டுக்கும் பெரியநாயகியின் கம்பெனியில்தான் வேலை. இது போதாதா? மறுநாள் பார்த்தால் பிரிஜிட் தலையே நிமிரவில்லை. நிமிர்ந்து சிரித்திருந்தால் அதற்கும் இவள் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாள். போலீஸ் வந்தால் யாரைப் பிடிக்கும்? பள்ளிக்கூடக் கிராணியையா, சிப் கம்பெனிக்காரியையா? வேலையும் போகும், மானமும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கணேஸ்வரன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன சமயம் பார்த்துப் போர்டை உருவினாள். சம்பால் இடிக்கிற கல்லை எடுத்து நொறுக்கித் தள்ளினாள். அப்பாடா என்று இருந்தது.

திரும்பி வந்தவர் கத்தவில்லை. ஒரு துண்டைப் பொறுக்கி அவள் கையில் வைத்தார்.

“படி. இந்தப் பழசு உன்ன என்னா பண்ணுச்சு?”

முத்திரைக்குக் கீழே நாலு எண்கள்: 8337. எண்பத்து மூன்றாம் வருஷம், முப்பத்தேழாவது வாரம் செய்த சரக்கு. தினமும் இதையே படித்துப் படித்துக் கண் பூத்தவள், முத்திரையைக் கண்ட பதற்றத்தில் இதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தாள். அவள் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்துச் சிப், இப்போது எப்படிக் களவு போயிருக்கும்? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

“கம்பெனில சிப்பு காணாமப் போச்சுங்க. வாசல்ல எல்லாரையும் செக் பண்றாங்க. பயத்துல செஞ்சிட்டேன்.”

கணேஸ்வரன் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“கம்பெனில காணாமப் போனா, நீ ஏன் வீட்டுல இருக்கறத உடைக்கிற? உண்மையச் சொல்லு நாயகி. நீ எதையாச்சும் எடுத்தியா?”

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. ஆத்திரம் பொங்கியது. சாமி சத்தியமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அல்போன்ஸ் கொடுத்தான் என்று அவர் உண்மையைச் சொன்னபோது இவள் நம்பினாளா என்ன?