தம்பியின் ஆடுகளும் என் மூன்று மா நிலமும்

காலையில் கதவைத் திறந்தால் அதே வேப்பமரம் நிற்கிறது. நேற்றும் அங்கேதான் நின்றது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் இந்த ஊரில் குடியேறி மூன்று வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. இராமநாதபுரத்திலிருந்து ஆடுகளோடு புறப்பட்டு, நாலு நாளைக்கு ஒரு வயலில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, அடுத்த வயலுக்கு நடந்தே வளர்ந்தவள் நான். கண் விழித்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று யோசிப்போம். இப்போது யோசிக்கத் தேவையில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

இன்னமும் மந்தையின் பின்னால் நடந்துகொண்டிருக்கும் என் சனங்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தாளே ஒருத்தி, அவள்தான் நான். நோய் வந்து பாதி ஆடுகள் செத்த பிறகு, மீதியை விற்று நானும் வீட்டுக்காரரும் இங்கே மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் வாங்கினோம். பட்டா கைக்கு வந்த அன்று, "இனிமே நம்மள யாரும் போகச் சொல்ல முடியாது" என்றார் அவர். இனி நாமாகவும் போக முடியாதே என்று எனக்குத் தோன்றியது. அலைந்த காலத்திலும் பயந்திருக்கிறோம். ஆனால் பயந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவோம். இங்கே பயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உலை வைக்க வேண்டியிருக்கிறது.

முதல் வருடம் கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைந்து, நட்ட பயிர் மூழ்கி, தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு சாரதா அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, நீங்க எப்பக் கிளம்புறீங்க?"

"இந்த மழையில பஸ்ஸு எங்க வரப்போவுது? டவுன்ல என்னம்மா வேல ஒனக்கு?"

ஊரைவிட்டே போவதைத்தான் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலைத் திறந்துவிடப் போய்விட்டாள். தலையில் மூட்டையோடு நான் மழையில் நின்றேன். அந்த வருடம் பாதிப் பயிர்தான் தேறியது.

மகளின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அலைந்து திரிந்த மனிதன் ஆற்றங்கரையில் தங்கினான், விதைத்தான், ஊர் உண்டாயிற்று என்று நாலைந்து வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மனிதன் பயந்தானா, முதல் வெள்ளத்தில் அவன் மனைவி எதை மூட்டை கட்டினாள் என்றெல்லாம் அதில் இல்லை.

இந்த மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து, நெல் அறுத்த தாளுக்கிடையே தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. தெற்கேயிருந்து கிடைகள் வரத் தொடங்கியிருந்தன. நடுப்பகலில் நாய்கள் குரைக்கிற சத்தமும், "ஆடு எறங்கிடுச்சு, ஆடு எறங்கிடுச்சு" என்ற கூச்சலும் கேட்டது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாய்களுக்கு மிரண்ட ஒரு மந்தை சாரதா அக்காவின் உளுந்துக்குள் பரவி மேய்ந்துகொண்டிருந்தது. ஆடுகளின் காதில் வெட்டியிருந்த அடையாளத்தைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டேன். அது என் அப்பா வைத்த அடையாளம். என் தம்பி கருப்பையாவின் மந்தை.

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடி அவனை வரப்பில் மறித்துவிட்டார்கள். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்திருந்தார். எனக்கு ஏழு வயதில் இதேபோல் ஒரு வரப்பில் அப்பாவை அடித்தார்கள். நான் ஆடுகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்து, அவற்றின் கால்களுக்கிடையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அடித்தவர் கையில் இருந்ததைப் போன்ற கம்புதான் இப்போது என் கையில்.

சட்டையைப் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஒங்க பக்கத்து ஆளுதானே? தெரியுமா இவன?"

நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "இல்லீங்க, அந்தம்மா யாருன்னே தெரியாதுங்க. எங்க ஊரு வேறங்க."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். என் வீட்டையும், மகளின் பள்ளிக்கூடத்தையும், அந்த மூன்று மாவையும் நினைத்துச் சொன்னான். நானும் பேசாமல் நின்றேன். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"அடிக்காதீங்க, அவன் என் தம்பி! கூடப்பொறந்த தம்பி!"

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். இனி இந்த ஊரில் நமக்கு இடமில்லை என்றே நினைத்தேன். சாரதா அக்கா மேய்ந்துபோன உளுந்தைக் குனிந்து தடவிப் பார்த்தாள். முகத்தில் கோபம் குறையவில்லை.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?" என்றாள். பிறகு தம்பியிடம், "பாதி போச்சு. உளுந்து எடுத்ததும் இந்த வயல்ல பத்து நாள் கிடை போட்டுட்டுத்தான் நீ ஊரு திரும்பணும். எருவாவது மிஞ்சட்டும்" என்றாள்.

"போடுறேங்க" என்றான் அவன். அவர்கள் கலைந்து போனார்கள். முந்திப் பேசாததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவன் தோளைத் தடவியபடி சிரித்துவிட்டு ஆடுகளை வளைக்கப் போனான்.

சாலைக்குப் போக என் வயலின் வரப்பைத் தாண்டித்தான் வழி. என் உளுந்தில் இறங்காமலிருக்க வரப்போரமாகக் கம்பை நீட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் வந்த கிடா தயங்கியது. என்னை அறியாமல் நாக்கு மேலண்ணத்தில் தட்டி, மந்தையைக் கூட்டுகிற அந்தச் சத்தம் வாயிலிருந்து வந்துவிட்டது. முன்னூறு தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. நான் கம்பை ஓங்கிக்கொண்டு கூப்பிட்டபடியே நின்றேன்.

பின்னாலிருந்து தம்பி கத்தினான். "கூப்பிடாதக்கா! ஒன் பயிருக்குள்ளதான் வரும்!"